தோற்றால் எப்படித் தெரியும்?

சித்தப்பாவின் இன்சுலின் மருந்து ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில், திறக்காமலே இருந்தது. அதற்கு மேல்தட்டில் பச்சை மூடி போட்ட கஷாய பாட்டில். ஒரு மண்டலம் குடித்தால் ஊசியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முப்பதாவது நாள் காலில் கொப்புளம் வந்தது. செருப்பு கடித்ததென்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டார். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சர்க்கரை 480. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

கஷாயம் கொடுத்தவரைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பெரிதாகப் பணம் வாங்கவில்லை. சொந்தத் தாயாருக்கும் அதையே கொடுப்பதாகச் சொன்னார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “இந்த மருந்து ஒருத்தருக்கு வேலை செய்யலைன்னா அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“வேலை செய்யாம போகாது தம்பி. பத்தியத்துல குறை இருக்கும். இல்லைன்னா நம்பிக்கையில குறை இருக்கும்.”

அந்தக் கேள்வியை முப்பது நாளைக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் மன்றாடுகிறேன்: ஊர் சொல்வதற்கு மாறாக ஒருவர் பேசும்போது, அவர் பேச்சு விநோதமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அவருடைய படிப்பு, குரல், கூட்டம், எளிமை எதையும் பார்க்காதீர்கள். தான் தோற்றால் அது எப்படித் தெரியும் என்று அவரால் சொல்ல முடிகிறதா? அதை மட்டும் பாருங்கள்.

மூலிகை என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சீனாவில் தூ யூயூ என்ற பெண் ஆய்வாளர் மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய வைத்திய ஏடுகளைத்தான் புரட்டினார். ஒரு செடி கிடைத்தது. அதன் சாறு எலிகளிடம் ஒரு சமயம் வேலை செய்தது, மறு சமயம் கைவிட்டது. எலிக்கு நம்பிக்கை போதவில்லை என்று அவர் சொல்லவில்லை. தன் செய்முறையில் எங்கே தப்பு என்று மறுபடி ஏட்டுக்குப் போனார். கோ ஹோங் என்ற நான்காம் நூற்றாண்டு வைத்தியர், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தார், கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முழுக்கத் தீர்த்தது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் தாமே சாப்பிட்டுப் பார்த்தார். 2015-இல் நோபல் பரிசு. அவரும் மூலிகையைத்தான் நம்பினார். தன் மருந்து தோற்ற நாளை மறைக்காமல் பார்த்ததுதான் அவரையும் அந்தத் திண்ணையில் இருந்தவரையும் பிரிக்கிறது.

“பெரிய படிப்பு படித்தவர் சொல்கிறாரே” என்று கேட்பீர்கள். லைனஸ் பாலிங்குக்கு 1954-இல் வேதியியலுக்கும் 1962-இல் அமைதிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பங்கு போடாமல் இரண்டு பரிசு பெற்ற வேறு ஆள் கிடையாது. அவரேதான் வைட்டமின் சி புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டும் என்று வாதாடினார். மேயோ கிளினிக் சோதித்துப் பார்த்து, பலனில்லை என்று 1979-இல் சொன்னது. அந்த நோயாளிகள் முன்பே கீமோதெரபி எடுத்தவர்கள், அதனால்தான் பலிக்கவில்லை என்றார் பாலிங். நியாயமான ஆட்சேபம். கீமோதெரபி எடுக்காதவர்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். 1985-இலும் அதே முடிவு. அதையும் அவர் ஏற்கவில்லை. பத்தியத்தில் குறை என்ற அதே பதில்தான், இன்னும் பெரிய மேடையிலிருந்து வந்தது.

டான் ஷெக்ட்மன் என்ற ஆய்வாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982 ஏப்ரலில் மின்னணு நுண்ணோக்கியில் அவர் பார்த்த அலுமினிய உலோகக் கலவையின் அணு அடுக்கு, படிகங்களில் இருக்கவே முடியாது என்று பாடநூல்கள் சொன்ன ஒழுங்கில் இருந்தது. பாடநூலைக் கையில் கொடுத்துப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். குழுவை விட்டே போகச் சொன்னார்கள். கேலி செய்தவர்களில் பாலிங்கும் ஒருவர். ஷெக்ட்மன் தன் செய்முறையை வெளியிட்டார். மற்றவர்கள் தங்கள் ஆய்வகத்தில் அந்தக் கலவையைத் தயாரித்து அதையே பார்த்தார்கள். 2011-இல் நோபல் பரிசு வந்தது. ஆகவே, “எல்லாரும் சிரிக்கிறார்கள், அதனால் நான் சொல்வதுதான் உண்மை” என்று யாராவது வந்தால் மயங்காதீர்கள். ஷெக்ட்மனைப் பார்த்தும் சிரித்தார்கள். சிரிப்புக்கு ஆளான எத்தனையோ பேர் சொன்னது தப்பாகவும் போயிருக்கிறது. பிறர் கையாலும் அது நடந்ததா என்று கேளுங்கள்.

தன்னையே ஏமாற்றிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பிரான்ஸில் நான்சி நகரத்து ஆய்வகத்தை நினைத்துக்கொள்வேன். மதிப்புமிக்க பேராசிரியர் பிளோன்லோ 1903-இல் என்-கதிர் என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். அவர் நாட்டில் மேலும் பலர் தாங்களும் பார்த்ததாக எழுதினார்கள். மறு ஆண்டு அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரில் பார்க்கப் போனார். கும்மிருட்டு அறை. மங்கிய ஒளியில் ஏற்படும் மாற்றத்தைக் கண்ணால் அளந்து, கதிர் விழும் இடங்களை பிளோன்லோ சொல்லிக்கொண்டு வந்தார். இருட்டோடு இருட்டாக, கதிரைப் பிரிக்கும் அலுமினியப் பட்டகத்தை வுட் மெல்ல எடுத்துவிட்டார். பேராசிரியர் அதே அளவுகளைச் சொல்லிக்கொண்டே போனார். அவர் பித்தலாட்டக்காரர் இல்லை. மனதார நம்பியவர். நம்புகிறவரின் நேர்மை உங்களைக் காப்பாற்றாது; பட்டகத்தை எடுத்துப் பார்க்கிற ஒரு கை வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, புதிதாகப் பேசுகிற எல்லோரையும் கிறுக்கர்கள் என்று விரட்டிவிடாதீர்கள். அதுவும் பாவம்தான். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவிலிருந்து, ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டம் இல்லை. நிறுவல்கள் இல்லாமல் பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். ஹார்டிக்கும் முதலில் சந்தேகம்தான். ஆனால் குப்பையில் போடாமல் அன்று இரவு சக கணித அறிஞர் லிட்டில்வுட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. பகா எண்களைப் பற்றிய கூற்றில் தவறு இருந்தது. மற்றவற்றில் பல யாரும் கண்டிராதவை. அந்தக் குமாஸ்தா, ராமானுஜன், தன்னை நம்பச் சொல்லிக் கேட்கவில்லை. ஒவ்வொரு வரியும் பேனாவை எடுத்தால் சரியா தப்பா என்று பார்க்கக்கூடியதாக இருந்தது. ஹார்டி பேனாவை எடுத்தார். உங்கள் மாணவன், உங்கள் அலுவலகத்துக் கடைநிலை ஊழியர், பட்டம் இல்லாத உங்கள் ஊர் விவசாயி வந்து “நான் ஒன்று பார்த்தேன்” என்றால், சிரிப்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அவருக்குக் கொடுங்கள்.

ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் காத்திருக்க நேரமில்லை. இன்சுலினை மட்டுமே நம்பி வாழும் குழந்தைக்கு அதை நிறுத்தினால், ஒரு மண்டலம் வேண்டாம், சில நாட்களே போதும், உயிர் போய்விடும்.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகம் மிச்சமிருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை ஒளித்து வைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று முழுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு குளூக்கோமீட்டரை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.