யார் தயாராகணும்?

"உங்க பசங்களுக்குத் திறமை பத்தலை" என்று என்னிடம் சொல்கிறார்கள். திறமை உடம்போடு பிறப்பதா, ஒருவர் கற்றுக்கொடுத்து வருவதா? 1980களில் ஓசூருக்கு வந்த டைட்டன் ஆலை, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைத் தேடி எடுத்து, தானே பயிற்சி தந்து, கடிகாரம் செய்ய வைத்தது. கற்பித்தார்கள், கைக்கு வந்தது.

இன்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்தவர்களில் பலர் காண்ட்ராக்டில் நிற்கிறார்கள். 2022-இல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' பயிற்சி தேவைதான். ஆனால் அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு சொல்லும் இடஒதுக்கீடு அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் ஆலையின் கேட்டைத் தாண்டுவதில்லை. கூட்டிப் பெருக்க, கக்கூஸ் கழுவ மட்டும் எங்களிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அந்தத் திறமை பிறப்பிலேயே இருக்காம்! சாதி போட்ட கணக்கையே 'தகுதி' என்று பேர் மாற்றி எழுதுகிறார்கள்.

எங்க பசங்க கத்துக்கத் தயாராத்தான் இருக்காங்க. கற்றுக்கொடுத்து நிரந்தர வேலை தர முதலாளிகள் தயாரா? அறக்கேள்வி அதுதான்.