மனம் ஒட்டாத பூஜைக்குப் பலன் உண்டா?

தை மாத முதல் வெள்ளியன்று தொடங்கினீர்கள். ஓராண்டு முழுக்க, தினமும் லலிதா சகஸ்ரநாம பாராயணம் என்று சங்கல்பம். முதல் வாரம் விடியுமுன் குளியல், வாசலில் மாக்கோலம், நைவேத்தியத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று எதிலும் குறைவில்லை. மாசி போயிற்று, பங்குனி வந்தது. இப்போதும் ஆயிரம் நாமங்களும் வாயில் ஓடத்தான் செய்கின்றன. காது மட்டும் அடுப்படியில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறது!

பாராயணத்தில் மட்டும்தான் இப்படியா? நாற்பது வயதுக்கு மேல் ஆசையாகத் தொடங்கிய வீணை, கல்யாணத்தால் பாதியில் நின்று இப்போது அஞ்சல் வழியில் தொடரும் பட்டப்படிப்பு, டாக்டர் சொன்ன தினசரி நடை என்று எல்லாமே இப்படித்தான். ராம நாமத்தை ஒரு லட்சம் முறை எழுத நினைக்கிறீர்கள். நாளொன்றுக்கு 108 வீதம் எழுதினால் 926 நாட்கள் ஆகும். இரண்டரை ஆண்டுக்கும் மேல்! அத்தனை நாளும் முதல் நாளின் உற்சாகம் கூடவே வருமா?

வராது. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. ‘மனசு ஒட்டாமல் வெறும் வாயால் சொல்வது, அம்பாளை ஏமாற்றுவது ஆகாதா? அதற்கு நிறுத்திவிடுவதே நேர்மை இல்லையா?’

பக்தி உள்ளவர்களுக்குத்தான் இந்தக் குற்ற உணர்வு வரும். இதற்கு விடை தேடித் திருவாரூருக்குப் போவோம், வாருங்கள்.

கயிறே கண்ணாக...

திருவாரூர் தியாகராஜர் கோயிலுக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது கமலாலயத் திருக்குளம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் இந்தக் குளம் ஆக்கிரமிப்பால் சுருங்கிப்போய்க் கிடந்ததாம். அதைத் தோண்டிப் பெரிதாக்கும் ஆசை ஓர் அடியாருக்கு வந்தது. அவர் தண்டியடிகள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

குளத்தில் தோண்டும் இடத்தில் ஒரு கழி, கரையில் ஒரு கழி. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து, அதே கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டுவார். மறுபடியும் இறங்குவார். கண்ணுள்ளவர்களுக்காவது, ‘இன்று இவ்வளவு தோண்டிவிட்டோம்’ என்று பார்த்துப் பூரிக்க வழி உண்டு. அவருக்கு அதுவும் இல்லை.

‘மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மடியுமே’ என்று தடுத்தார்கள் சிலர். பிறகு ஏளனம் செய்தார்கள். கடைசியில் மண்வெட்டியைப் பறித்து, கழிகளையும் பிடுங்கிப் போட்டார்கள். மனம் நொந்த அடிகள் கோயில் வாசலில் நின்று ஆரூர்ப் பெருமானிடமே முறையிட்டார். இறைவன் அவர் கனவிலும், சோழ மன்னனின் கனவிலும் தோன்றி அருளினார். மறுநாள் மன்னன் முன்னிலையில் ஐந்தெழுத்தை ஓதிக் குளத்தில் மூழ்கி எழுந்தார் அடிகள். கண் திறந்தது! அறுபத்துமூவரில் ஒருவராக அவரைப் பெரியபுராணம் போற்றுகிறது.

அவர் கண் பெறுவதற்காக மண் சுமக்கவில்லை; குளம் பெரிதாக வேண்டும் என்றே சுமந்தார். எந்த வெளிச்சமும் இல்லாத அத்தனை நாட்களிலும் அவரை வழிநடத்தியது ஒரு சாதாரணக் கயிறு.

நாம் விடாமல் கடைப்பிடிக்கும் வேளையும் முறையும் அந்தக் கயிறு மாதிரிதான். உற்சாகம் என்னும் கண் மங்கிப்போகும் நாட்களில் கைக்கு அகப்படுவது அது ஒன்றே. அதைப் பிடித்து நடப்பது எப்படி ஏமாற்றாகும்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு ஜுரம் அடித்த இரவு, மூன்று மணிக்கு எழுந்து நெற்றியில் ஈரத்துணி போட்டீர்கள். அந்த நிமிடம் உங்களுக்குள் பொங்கியது பாசமா, தூக்கமா? தூக்கம்தான்! ஆனாலும் எழுந்தீர்களே, அதைப் போலிப் பாசம் என்று யாராவது சொல்வார்களா? பாராயணம் இனிக்கும் நாளில் அந்த இனிமைக்காகவும் நாம் உட்காருகிறோம். இனிக்காத நாளில் உட்காருவதில் நமக்கென்று என்ன இருக்கிறது? அது முழுக்க அவளுக்கே.

எதில் கட்டுவது?

கயிறு கட்ட ஒரு கழி வேண்டுமே? அதற்குச் சாக்கிய நாயனார் வழி காட்டுகிறார். காஞ்சியில் பௌத்த வேடத்திலேயே வாழ்ந்த இவர், சிவலிங்கத்தின் மீது தினமும் அன்போடு ஒரு கல்லை எறிந்த பிறகே உணவு உண்பார். ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். சட்டென்று நினைவு வந்தது. பசியோடு எழுந்து ஓடி, கல்லை எறிந்தார். வழிபாட்டைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டியிருந்ததால், சோறே அவருக்கு நினைவூட்டியது!

நீங்களும் அப்படிக் கட்டலாம். காலைக் காபிக்கு முன் ஒரு பக்கம் ராம நாமம். மாலை விளக்கேற்றியதும் அரை மணி வீணை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும் பத்துப் பக்கம் படிப்பு.

நடுவில் விட்டுப்போனால்? ஒரு மண்டலம், அதாவது 48 நாள் விரதம் இருக்கும் பெண்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அந்த மூன்று நான்கு நாட்களை விட்டுவிட்டு, மீதியைச் சேர்த்து முடிக்கச் சொல்வார்கள். ‘முதலிலிருந்து ஆரம்பி’ என்று சொல்வதில்லை. இடைவெளி விழும் என்று தெரிந்தே வகுத்த முறை இது. வீணைக்கும் படிப்புக்கும்கூட இதே கணக்கை வைத்துக்கொள்ளலாமே!

ஒரே ஓர் எச்சரிக்கை. வறட்சி வேறு, எரிச்சல் வேறு. பூஜையறையில் இருந்தபடியே மாமியாரிடம் சிடுசிடுத்து, பிள்ளையை அதட்டிக்கொண்டு ஆயிரம் நாமம் சொல்லி முடித்தால், கயிறு நம் கழுத்தைச் சுற்றிக்கொண்டது என்று அர்த்தம். அப்போது அளவைக் குறையுங்கள். ஆயிரத்துக்குப் பதில் 108 நாமம் போதும். ஆனால் அந்த வேளையை மட்டும் விடாதீர்கள்.

சங்கல்பம் செய்யும்போது கவனித்திருப்பீர்கள். வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று அன்றைய நாளைத்தான் சொல்கிறோம். நேற்று விட்டதும் நாளை மீதமிருப்பதும் அதில் வருவதில்லை. நாளைக் காலை விளக்கேற்றியதும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் சங்கல்பம் செய்துகொண்டு உட்காருங்கள். மனம் குக்கர் பக்கம் ஓடினால் ஓடட்டும். அது திரும்பி வரும்போது, நீங்கள் அதே இடத்தில் இருந்தால் போதும்.