குழந்தைப் பேறு: கொடுப்பவன் அல்லாஹ், பேணுவது நம் கடமை



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியவர்களே, அருமைச் சகோதரர்களே, ஒலிபெருக்கி வழியாக வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

இன்றைய தலைப்பு குழந்தைப் பேறு. மிம்பரில் பேச வேண்டிய விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். நம் கடற்கரை ஊர்களில், கீழக்கரையானாலும் பெரியபட்டினமானாலும் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரமானாலும், ஜமாஅத்துக்கு வருகிற குடும்ப வழக்குகளில் "குழந்தை இல்லை" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பது நிர்வாகிகளுக்குத் தெரியும். ஒரு நிகாஹ் முறிவதற்கும், ஒரு பெண் இரவெல்லாம் அழுவதற்கும் காரணமாக இருக்கிற விஷயத்தை மிம்பரில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

கொடுப்பவன் அவன்

அஷ்ஷூரா சூராவின் 49, 50 ஆகிய வசனங்களில் அல்லாஹ் மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டுகிறான். சிலருக்குப் பெண் மக்களை மட்டும் தருகிறான். சிலருக்கு ஆண் மக்களை மட்டும். சிலருக்கு இரண்டையும் சேர்த்துத் தருகிறான். தான் நாடிய சிலரைக் குழந்தை இல்லாதவர்களாகவும் ஆக்குகிறான். முடிவில் தன்னை எல்லாம் அறிந்தவன், ஆற்றலுடையவன் என்கிறான்.

கவனியுங்கள் சகோதரர்களே! நான்கும் அவன் நாட்டம். பெண் பிள்ளை தரப்பட்டவர் தாழ்ந்தவர் என்றோ, பிள்ளை தரப்படாதவர் சாபம் பெற்றவர் என்றோ அங்கே ஒரு சொல் கூட இல்லை. அப்படியிருக்க, "மலடி" என்று ஒரு மூமினான பெண்ணைச் சொல்ல நமக்கு உரிமை தந்தது யார்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாழ்க்கை

நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கும் இல்லை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கும் இல்லை. அதற்காக நபி (ஸல்) அவர்கள் இவர்களில் ஒருவரையாவது ஒரு சொல் சொன்னதுண்டா?

ஒரு முறை ஆயிஷா (ரலி) அவர்கள், தம் தோழிகளுக்கெல்லாம் பிள்ளையின் பெயரோடு சேர்ந்த குன்யத் இருக்கிறது, தமக்கு மட்டும் இல்லையே என்ற கருத்தில் சொன்னார்கள். அந்த மனதின் ஏக்கத்தை நபி (ஸல்) அவர்கள் புரிந்துகொண்டார்கள். சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் "உம்மு அப்தில்லாஹ்" என்று அழைக்கப்படச் சொன்னார்கள். அபூதாவூதில் இந்தச் செய்தி வருகிறது. இல்லாததைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு கௌரவத்தைக் கொடுத்தார்கள். அந்த அன்னை 2,210 ஹதீஸ்களை இந்த உம்மத்துக்குத் தந்தார்கள். பெரும் ஸஹாபாக்கள் அவர்களிடம் வந்து பாடம் கேட்டார்கள்.

நபி (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் சிறு வயதிலேயே வஃபாத்தானபோது மக்கத்து எதிரிகள் "அப்தர்", அதாவது சந்ததி அற்றவர் என்று கேலி பேசினார்கள். அதற்குப் பதிலாக அல்லாஹ் கவ்ஸர் சூராவையே இறக்கினான். பிள்ளையைக் காரணம் காட்டி ஒருவரை இழிவாகப் பேசுவது யாருடைய வழக்கம் என்று இதிலிருந்து புரிகிறதா? அது நபியின் எதிரிகளுடைய வழக்கம்.

ஜகரிய்யா நபி கற்றுத் தரும் பாடம்

ஜகரிய்யா (அலை) அவர்களின் துஆவை மர்யம் சூராவின் தொடக்கத்தில் பாருங்கள். குழந்தை கேட்டு அவர்கள் அல்லாஹ்விடம் கையேந்துகிறார்கள். முதலில் எதைச் சொல்கிறார்கள்? தம் எலும்பு தளர்ந்துவிட்டது, தலை நரைத்துவிட்டது என்று தம் பலவீனத்தைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மனைவியின் நிலையைச் சொல்கிறார்கள். ஆலு இம்ரான் சூராவின் 40ஆவது வசனத்திலும் தம் முதுமையே முதலில் வருகிறது.

ஒரு நபி தம் குறையை முன்னால் வைத்தார். நாமோ பெண்ணை மட்டும் டாக்டரிடம் அனுப்புகிறோம். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை, ஊசி எல்லாம் அவளுக்கு. ஆணுக்குச் செய்ய வேண்டியது ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. வலி இல்லை, செலவும் குறைவு. "எனக்கென்ன குறை" என்று அதற்கு மறுக்கிறோம். குழந்தையின்மைக்காக வரும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவர்கள் சொல்வது. சிகரெட், பீடி, புகையிலை விந்தணுவைப் பாதிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சோதனையைச் சந்திக்கிறார். இது ஒரு நோய் நிலை. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

சபராளிகளின் கணக்கு

நம் பகுதிக்கே உரிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். மாப்பிள்ளை துபாயிலோ சவூதியிலோ இருப்பார். நிகாஹ் முடிந்து நாற்பது நாளில் சபர் போய்விடுவார். இரண்டு வருடம் கழித்து மீண்டும் நாற்பது நாள் லீவு. இப்படியே ஐந்து வருடம் ஓடிவிடும். மாமியார் வீட்டில், "ஐந்து வருடமாகிவிட்டதே, இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி தொடங்கும்.

சகோதரர்களே, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தது எத்தனை நாள்? நான்கு மாதம்! ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கரு உண்டாகக் கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறுதான். லீவு நாட்களில் அது ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வரும். தடுப்பு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகவில்லை என்றால்தான் மருத்துவர்கள் அதைக் குழந்தையின்மை என்று சொல்லத் தொடங்குகிறார்கள். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் ஆறு மாதத்திலேயே வரச் சொல்கிறார்கள். சேர்ந்து வாழாத வருடங்களை ஒரு பெண்ணின் தலையில் குற்றமாக எழுதுவது அநீதி. மறுமையில் இதற்கும் விசாரணை உண்டு.

சிகிச்சையும் ஷரீஅத்தும்

அல்லாஹ் எந்த நோயை இறக்கினாலும் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இது புகாரியில் உள்ளது. சிகிச்சை செய்துகொள்ளும்படி ஏவியும் இருக்கிறார்கள். எனவே ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். துஆவும் கேளுங்கள், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, கருக்குழாய் அடைப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனையும் செய்யுங்கள்.

டெஸ்ட் டியூப் முறை கூடுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதைத் தெளிவாக்கியது. நிகாஹ் நிலைத்திருக்கும்போது, கணவனின் விந்தும் அதே மனைவியின் கருமுட்டையும் சேர்க்கப்பட்டு, அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்பட்டால், தேவையின்போது தகுந்த பேணுதலோடு அனுமதி உண்டு. மூன்றாவது நபரின் விந்து, கருமுட்டை, வாடகைத் தாய் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. வம்சம் கலந்துவிடக் கூடாது என்பதே காரணம். கையெழுத்துப் போடும் முன் மருத்துவமனையில் இதைக் கேட்டுத் தெளிவு பெறுவது உங்கள் கடமை.

கருவுற்ற தாயின் பழக்கம், குழந்தையின் உடல்

அல்லாஹ் கொடுத்த பிறகு அந்த அமானிதத்தைப் பேணுவது நம் பொறுப்பு.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டாகி நான்கு வாரத்திற்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. எனவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குழந்தைக்கு முயற்சி செய்யும் காலத்திலேயே டாக்டரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதற்காகத்தான் கர்ப்பகாலத்தில் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவதும், டீயோடு சேர்த்து விழுங்குவதும் நம் வீடுகளில் நடக்கிறது. டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நம் கடற்கரைப் பெண்களிடமும் இருக்கிறது. மசக்கைக்கு நல்லது என்று கூடச் சொல்வார்கள். புகையிலையின் நஞ்சு தொப்புள் கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. எடை குறைந்த பிறப்பு, குறைமாதப் பிறப்பு, வயிற்றிலேயே குழந்தை இறப்பது ஆகிய ஆபத்துகளைக் கூட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கணவன் விடும் பீடிப் புகையும் அப்படித்தான்.

நோன்பு விஷயத்தில், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அல்லாஹ் சலுகை தந்திருப்பதாகத் திர்மிதியில் ஹதீஸ் வருகிறது. டாக்டர் தடுத்த பிறகும் "ஊர் என்ன சொல்லும்" என்று நோன்பு வைக்க வேண்டாம். அல்லாஹ் தந்த சலுகையை ஊர் பறிக்கக் கூடாது.

பிறந்த முதல் மணி நேரம்

பிரசவமான முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. நோயை எதிர்க்கும் சக்தியை அல்லாஹ் அதில்தான் வைத்திருக்கிறான். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர் கூடத் தேவையில்லை. அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து, பகரா 233ஆவது வசனம் காட்டும் முழு இரண்டு வருடம் வரை கொடுக்கலாம்.

சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் கொடுக்காதீர்கள். தேனில் நிவாரணம் இருப்பதாகக் குர்ஆன் சொல்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மருந்துக்கு வயதும் நேரமும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில், தேனில் இருக்கக் கூடிய ஒரு வகைக் கிருமி வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யலாம்.

தஹ்னீக் சுன்னத்தானது. அன்னை ஆயிஷாவுக்குக் குன்யத் தந்த அந்த அப்துல்லாஹ் குபாவில் பிறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று அவர் வாயில் தடவினார்கள். அதைச் செய்பவர் கையும் வாயும் சுத்தமாக இருக்கட்டும். புகையிலை போடுபவர், இருமல் உள்ளவர் தவிர்ந்துகொள்ளட்டும். குழந்தை குறைமாதமானால் டாக்டரைக் கேட்ட பிறகு செய்யுங்கள். ஒரு துளித் தடவல்தான் அது. தாய்ப்பாலுக்கு மாற்று அல்ல.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் மீனையும் நிறுத்தாதீர்கள். பிரசவ வேதனையில் இருந்த மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் ஊற்று நீரையும் பேரீச்சம்பழத்தையும் தந்தான். நம் கடலில் சாளையும் நெத்திலியும் காரலும் கிடைக்கின்றன, தாராளமாகக் கொடுங்கள். பால் ஊறும் என்று நாம் கொடுக்கும் சுறாப்புட்டில் மட்டும் கவனம் தேவை. சுறா மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் அதன் சதையில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைத் தவிர்க்கும்படி பல நாடுகளின் உணவுத் துறைகள் சொல்கின்றன.

கொடுக்கப்படாதவர்களுக்கு

எல்லாச் சிகிச்சையும் செய்தும் கிடைக்காதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. மனிதன் இறந்த பிறகும் தொடரும் அமல்கள் மூன்று என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் சொல்கிறது: நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. இதில் ஒரு வாசல் மூடியிருந்தாலும் இரண்டு வாசல் திறந்தே இருக்கிறது. நம் ராமேஸ்வரம் மண்ணில் பிறந்து, பேய்க்கரும்பில் அடக்கமாகியிருக்கும் அப்துல் கலாம் அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் பேரைச் சொல்லிப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை இலட்சம்! எத்தீமை அரவணையுங்கள். எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல இருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் விரல்களைக் காட்டிச் சொன்னார்கள். பிள்ளையின் பிறந்த வம்சத்தை மட்டும் மறைக்காதீர்கள். அஹ்ஸாப் சூராவின் 5ஆவது வசனம் அதைத் தடுக்கிறது.

இன்று பள்ளியிலிருந்து நான்கு நிய்யத்தோடு வீடு திரும்புவோம். எந்தப் பெண்ணிடமும் "விசேஷம் இல்லையா" என்று கேட்க மாட்டோம். பரிசோதனை என்றால் கணவன் முதலில் செல்வோம். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கிறது, அது உங்கள் உரிமை. பிறந்த குழந்தையின் வாயில் தாய்ப்பாலுக்கு முன் வேறு உணவை வைக்க மாட்டோம்.

யா அல்லாஹ்! குழந்தைக்காக ஏங்கும் உள்ளங்களுக்கு ஸாலிஹான சந்ததிகளைத் தருவாயாக! தராமல் வைத்தவர்களுக்கு மன அமைதியையும் அதைவிடச் சிறந்ததையும் தருவாயாக! கர்ப்பிணித் தாய்மார்களுக்குச் சுகப் பிரசவத்தை இலேசாக்குவாயாக! எங்கள் நாவால் யார் மனமும் புண்படாமல் எங்களைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.