கடல் காணச் சாக்கு எதற்கு?

மாசித் திங்கள் முழுநிலாவையொட்டிக் கடவுளர் கடற்கரைக்குப் புறப்படுகின்றனர்! செஞ்சி அரங்கநாதர் போகிறார். மயிலம் முருகன் போகிறார். தீவனூர்ப் பிள்ளையாரும் போகிறார். புதுவை வைத்திக்குப்பத்து மணற்பரப்பிலே அனைவரும் கூடுகின்றனர். அலைநீரிலே தீர்த்தவாரி, கரையிலே காட்சி, பிறகு ஊர் திரும்பல். ஆண்டு முழுதும் கருவறை இருட்டிலே கிடந்தவருக்கு ஒரு நாள் கடற்காற்று வேண்டாமா? வேண்டும் என்று ஊர் ஒப்புகிறது. மேளம் முழங்குகிறது, வாணம் வெடிக்கிறது. "வீண் செலவு" என்று முணுமுணுப்பார் எவருமில்லை.

அதே ஊரிலே, ஆண்டு முழுதும் கழனிச் சேற்றிலே கால் புதைத்து நின்றவன், "பெண்டு பிள்ளைகளோடு இரண்டு நாள் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லட்டும். உடனே கேள்விகள் கிளம்பும். கையிலே நாலு காசு புரள்கிறதோ? கடலிலே என்ன கொட்டிக் கிடக்கிறது? உழைக்கிறவனுக்கு உல்லாசம் ஒரு கேடா?

கடவுள் போனால் திருவிழா. கழனியாள் போனால் திமிர்! செம்புச் சிலைக்குக் காற்று வாங்கும் உரிமை உண்டு. செந்நீரை வியர்வையாக்கும் மனிதனுக்கு இல்லை! தோழர்களே, இந்த நியாயத்தைத்தான் நாம் இன்று உரைகல்லிலே உரைத்துப் பார்க்க வேண்டும்.

மாசி மகத்திற்குச் செல்லும் மக்களை நான் எள்ளி நகையாடவில்லை. அந்தக் கூட்டத்திலே எத்தனையோ பேர் கடவுளைக் காணச் செல்லவில்லை. கடலைக் காணச் செல்கின்றனர். "கடல் காணப் போகிறேன்" என்று சொல்ல உரிமை இல்லாததால், "கடவுளைக் காணப் போகிறேன்" என்று சொல்கின்றனர். வேறு சிலர் தம் வாழ்நாளில் முதன்முதலாகக் கடலைக் காண்பது, இறந்தவரின் சாம்பலைக் கரைக்கச் செல்லும் நாளிலேதான்! இன்பத்தை நேர்வழியிலே கேட்கத் துணிவில்லாமல், பக்தியின் பெயராலும் சாவின் பெயராலும் கேட்க வேண்டிய நிலை. மனிதன் மகிழ்வதற்கு ஏன் ஒரு சாக்கு வேண்டும்? மகிழ்ச்சி என்ன, திருட்டுப் பொருளா?

செஞ்சிக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இம்மலைப் பகுதியிலே பிறக்கும் சங்கராபரணி ஆறு, எவரையும் கேளாமல் புதுவைக்கருகே போய் வங்கக் கடலிலே கலந்துவிடுகிறது. ஆனால் நெய்தல் திணையை வகுப்பிலே விளக்கும்போது, "அலை இரவிலும் வருமா ஐயா?" என்று கேட்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று கரும்பலகையிலே எழுதுகிறோம்; திண்டிவனம் சென்று பேருந்து மாறினால் அன்றைக்கே கண்டு திரும்பலாம். ஆயினும் அவர்களுக்குக் கடல் என்பது தேர்வுக்குரிய ஒரு சொல், அவ்வளவுதான். இது அந்தப் பிள்ளைகளின் அறியாமையா? நம் சமுதாய அமைப்பின் அறியாமையா?

சரி, புறப்படுவோம் என்று ஒரு குடும்பம் துணிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து குறுக்கே வந்து நிற்பது பஞ்சாங்கம். செஞ்சிக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. திங்களும் சனியும் கிழக்கே சூலம்! ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம்! சனிக்கிழமை விடுமுறையிலே கிழக்கே போகலாகாது. ஞாயிற்றுக்கிழமை மேற்கே திரும்பலாகாது. வார விடுமுறையை நம்பி வாழும் செஞ்சிக்காரன், சூலம் பார்த்தால் சாகும்வரை கடல் பார்க்க முடியாது! இதற்கும் பரிகாரம் வைத்திருக்கிறார்கள்: போகும்போது கொஞ்சம் தயிர், திரும்பும்போது கொஞ்சம் வெல்லம். ஒரு கரண்டித் தயிருக்கு வழிவிட்டு விலகும் சூலம் உண்மையிலே எவ்வளவு கூர்மையானது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பார்க்க வேண்டியதைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பார்க்கத் தேவையற்றதைப் பார்ப்பதாலே உயிரும் போகிறது. 2024 மே 6 ஆம் நாள் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றிலே மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவரைக் கடல் கொண்டது. அங்கே அப்போது புயல் இல்லை. தொலைதூரத் தென்கடலிலே வீசிய காற்று எழுப்பிய பேரலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, முன்னறிகுறியின்றிக் கரையேறின. மீனவ மக்கள் இதற்குக் 'கள்ளக்கடல்' என்றே பெயர் வைத்திருக்கின்றனர். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை தருகிறது. அந்த நாட்களுக்கும் தந்திருந்தது. அறிவியல் பேசியது, அந்தக் குரலைக் காதுகளிலே சேர்க்கும் பழக்கம்தான் நம்மிடையே வளரவில்லை. இராகு காலம் எப்போது என்பது சிற்றூர்ச் சிறுவனுக்கும் தெரியும். ஓரிடத்திலே மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தோன்றினால், அங்கேதான் நீர் உள்நோக்கி இழுக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த இழுப்பிலே சிக்கினால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டிலே நகர்ந்து வெளியேற வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தவர் எவர்?

பஞ்சாங்கத்திலே பயனுள்ள செய்தி ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்வோம். முழுநிலா, அமாவாசை நாட்களைச் சரியாகக் காட்டுகிறது. அந்நாட்களிலே ஓதத்தின் ஏற்றம் மிகும். அதுவும் வானியல் கணக்கே. கணக்கை வைத்துக்கொண்டு கட்டுக்கதையை விட்டுவிடுவதே பகுத்தறிவு. ஐப்பசி, கார்த்திகையிலே இந்தக் கரை மழைக்கும் புயலுக்கும் உரியது. 2024 நவம்பர் 30 ஆம் நாள் புதுவையருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டம் மறக்காது. ஆகவே பயணத் திட்டம் தீட்டுவோர் காலநிலையைப் பாருங்கள், அலையைப் பாருங்கள், கரையிலே நிற்கும் மீனவரைக் கேளுங்கள். சூலத்தைச் சுவரிலேயே தொங்க விடுங்கள்!

இனி முதன்மையான வினாவுக்கு வருவோம். உழைக்கிறவனுக்கு உல்லாசம் ஏன்?

இராபர்ட் ஓவன் என்னும் சீர்திருத்தக்காரர், எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுது, எட்டு மணி ஓய்வு என்று 1817 இலேயே நாளை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறை வானத்திலிருந்து விழவில்லை; நாராயண் மேகாஜி லோகண்டே நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவாக 1890 இலே கிடைத்தது. 1923 மே முதல் நாளிலே இந்தியாவின் முதல் மே நாள் கூட்டத்தைச் சிங்காரவேலர் நடத்தினாரே, எங்கே நடத்தினார்? சென்னைக் கடற்கரையிலே! மீனவர் குடியிலே பிறந்த பகுத்தறிவாளர், பாட்டாளியின் உரிமையைக் கடலைச் சாட்சி வைத்தே முழங்கினார். 1936 இலே பிரான்சு நாட்டிலே ஊதியத்தோடு இரு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. தொழிலாளருக்கு இரயில் கட்டணத்திலே 40 விழுக்காடு தள்ளுபடியும் தந்தார்கள். ஆலைப் புகையைத் தவிர வேறொன்றும் அறியாத குடும்பங்கள், அந்தக் கோடையிலே முதன்முதலாகக் கடலைக் கண்டு வியந்து நின்றன. 1948 இலே உலக நாடுகள் கூடி வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 24 ஆம் பிரிவு, ஓய்வையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் மனித உரிமை என்றே அறிவித்தது. அதே ஆண்டு நம் நாட்டிலே வந்த தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டிலே 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு என்று வகுத்தது.

அடுத்த நாள் இன்னும் கடுமையாக உழைக்க ஓய்வு தேவை என்பார் சிலர். அது மாட்டுக்குச் சொல்லும் நியாயம்; மாட்டையும் அதற்காகத்தானே அவிழ்த்து விடுகிறோம்! மனிதன் உழைப்பதற்காக ஓய்வதில்லை, வாழ்வதற்காக உழைக்கிறான். கடலின் முன்னே நிற்கும் அந்த ஒரு நாழிகையிலே அவன் எவருக்கும் ஆளல்ல, எவருக்கும் அடிமையல்ல. அவன் அவனாக நிற்கிறான். அந்த நாழிகைக்கு வேறு பயன் வேண்டியதில்லை, அதுவே பயன்.

ஆனால் சட்டம் தந்த விடுமுறை ஆலை வாயிலைத் தாண்டி எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது? நாற்று நடும் பெண்ணுக்கு ஊதிய விடுப்பு உண்டா? உப்பளத்திலே கண் கூச உழைப்பவருக்கு? அதைவிட அருகிலே பாருங்கள், நம் வீட்டுக்குள்ளே! குடும்பத்தோடு கடற்கரைக்குப் புறப்படும் நாளிலே விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறுபவர் யார்? கட்டுச்சோற்று மூட்டையையும் கைக்குழந்தையையும் சுமந்து வருபவர் யார்? மற்றவர் அலையிலே ஆட, மணலிலே அமர்ந்து செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பவர் யார்? தாய்க்கு அன்று விடுமுறையல்ல. வேலை செய்யும் இடம் மாறிய நாள், அவ்வளவே! பெண்ணுரிமை பேசும் இளைஞன் தன் பயணத் திட்டத்தின் முதல் வரியிலே எழுத வேண்டியது, அன்று சமைப்பவர் யார், குழந்தையை ஏந்துபவர் யார் என்பதைத்தான். அம்மாவின் கால் அலையிலே நனையவில்லையானால் அந்தக் குடும்பம் கடலுக்குப் போகவில்லை.

உரிமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையிலே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நமது பள்ளிக் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. கரையிலே படகுகள் வரிசையாக நிற்கக் கண்டு, "அடடா, என்ன அழகு!" என்று படம் எடுக்கிறோம். நமக்கு அது ஓய்வு. படகுத் தொழிலாளிக்கு அது வேலையின்மை. மீன்வளம் பெருகத் தடை தேவைதான், நிவாரணமும் தரப்படுகிறது. ஆயினும் கூலியோடு ஓய்பவனும் கூலியின்றிக் கிடப்பவனும் ஒரே மணலில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு மகிழ்வது மனிதப் பண்பாகாது.

அந்த மணல் எவருடையது? அமெரிக்காவின் பிலாக்சி நகர்க் கடற்கரையிலே 1960 இல் கால் நனைக்கச் சென்ற கருப்பின மக்களைச் சங்கிலியாலும் தடியாலும் அடித்து விரட்டினார்கள். தென்னாப்பிரிக்காவிலே வெள்ளையர்க்கு மட்டும் என்று கடற்கரையிலே பலகை நட்டார்கள். 1924 இல் வைக்கத்துத் தெருவையும், 1927 இல் மகாத்துக் குளத்தையும் கண்ட நமக்கு அந்தப் பலகையின் எழுத்து புதிதல்ல. இங்கே கடற்கரையிலே அப்படிப் பலகை இல்லை. ஆனால் உல்லாச விடுதியின் வேலி இருக்கிறது. ஓர் இரவு வாடகை, ஓர் ஏழையின் ஒரு மாதக் கூலியை விழுங்கிவிடுகிறது. சாதி நட்ட பலகையைப் பிடுங்கிய இடத்திலே பணம் தன் வேலியை நட்டால் வாளாவிருப்பதா?

கடற்கரையும் ஓடும் நீரும் காற்றும் காடும் மக்களுக்காக அரசு காத்து நிற்க வேண்டிய பொதுப்பொருள் என்று 1996 இலே உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டரை ஒழுங்குமுறைக்கு உட்படுத்தி 1991 இலே வந்த கடற்கரை அறிவிக்கை, ஊர்ப்புறக் கடற்கரைகளிலே 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2019 இலே வந்த புதிய அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களிலே அதை 50 மீட்டராகச் சுருக்கியது. வலை உலர்த்தும் மணலும், கட்டுமரம் ஏற்றும் கரையும், கருவாடு காயும் களமும் அந்தச் சில நூறு அடிகளிலேதான் இருக்கின்றன. என் இரண்டு நாள் இன்பத்திற்காக ஒருவனுடைய ஆண்டு முழுதுக்குமான வாழ்வு பறிபோகுமானால், அது ஓய்வல்ல. சுரண்டலின் வேறொரு வடிவம்.

இதைச் செஞ்சிக்காரர் நன்கு உணர முடியும். 2025 சூலையிலே நமது கோட்டை உலக மரபுச் சின்னமாகியிருக்கிறது. நாமும் இனி விருந்தோம்புபவர்கள். நம் மலையிலே குப்பையைக் கொட்டி, நம் மக்களைக் கடைநிலை ஏவலராக மட்டும் பார்த்துச் செல்லும் பயணியை நாம் விரும்புவோமா? நாம் விரும்பாததை மரக்காணத்து மக்களுக்கு நாம் செய்யலாமா?

ஆகவே, இளைஞர்களே, திட்டம் தீட்டுங்கள்! உங்கள் மன்றங்களிலே மாதந்தோறும் சிறு தொகை சேருங்கள். சேரியும் ஊரும் ஒரே பேருந்திலே ஏறட்டும். பெண்கள் முதலில் ஏறட்டும். உணவை மீனவர் குடியிருப்பிலே உரிய விலை கொடுத்து வாங்குங்கள். கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எதற்காகப் போகிறீர்கள் என்று எவரேனும் கேட்டால், நேர்த்திக்கடன் என்று மழுப்பாதீர்கள், மருத்துவர் சொன்னார் என்று நழுவாதீர்கள். தலை நிமிர்ந்து சொல்லுங்கள்: "கடல் காணப் போகிறோம், மனிதர் என்பதால் போகிறோம்!"