கறுப்புக் கேடய வீடு

கல்லூரியில் இயற்பியல் படித்த நாளில் 'ஷ்வார்ஸ்ஷில்ட் ஆரம்' என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கருந்துளையின் எல்லையைச் சொல்லும் கணக்கு அது. கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் 'கறுப்புக் கேடயம்' என்று பொருள் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒளியையே விழுங்கும் ஒன்றின் விளிம்புக்கு இப்படியொரு பெயரா என்று சிலிர்த்துப் போனேன். அந்தப் பெயர் பிறந்ததோ பிராங்க்ஃபர்ட் நகரின் ஒரு சந்தில்.

1462-இல் அந்நகரத்து யூதர்களை ஒரே தெருவுக்குள் குடியேற வைத்தார்கள். சில மீட்டர்தான் அகலம். இரவானால் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். ஜனம் பெருகப் பெருக, இருந்த வீட்டையே தடுத்துத் தடுத்துப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு எண் போடும் வழக்கம் வராத காலம். சின்னத்தை வைத்துத்தான் வீட்டைச் சொல்வார்கள். கப்பல், வாணலி, சிவப்புக் கேடயம், கறுப்புக் கேடயம். வீட்டின் பெயர் மெல்ல ஆளோடு ஒட்டிக்கொண்டது. ரோத்ஷில்ட் என்ற குடும்பப் பெயருக்குச் சிவப்புக் கேடயம் என்று பொருள். அந்தக் குடும்பம் 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. பிற்பாடு அவர்கள் வாங்கியது பச்சைக் கேடய வீடு. பெயர் மட்டும் மாறவேயில்லை.

என் மனசு இங்கேதான் நின்றுவிடுகிறது. வேறெங்கும் இருக்க விடாததால் இருந்த தெரு அது. அதன் அடையாளத்தை அவமானம் என்று உதறியிருக்கலாம். ஆனால் அங்குள்ள பழைய யூத இடுகாட்டில், இறந்தவரின் வீட்டுச் சின்னத்தையே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்! ஒண்டிக் கிடந்த வீட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். இதைப் பெருமிதம் என்றுதான் நான் படிக்கிறேன்.

அந்த ஆரத்துக்குப் பெயர் தந்த கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட் அதே நகரில் 1873-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் படையில் சேர்ந்தார். போர்முனையில் இருந்துகொண்டே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டார். 1916-இல் நோயில் இறந்தபோது வயது 42. அதற்கு 22 வருஷம் கழித்து, 1938-இல், அதே நாடு ஒரு சட்டம் போட்டது: பெயரைப் பார்த்தே யூதர் என்று தெரியாவிட்டால், ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சந்துவீட்டின் பெயரை அந்த மக்கள் தங்கள் வாழ்க்கையால் சொந்தமாக்கிக்கொண்டார்கள். சட்டம் ஒட்டவைத்த பெயரோ அழிப்பதற்கு வைத்த குறி.

அந்த இடுகாட்டின் வெளிச்சுவரில் இன்று சின்னஞ்சிறு உலோகக் கட்டைகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாஜிகள் கொன்ற பிராங்க்ஃபர்ட் யூதர்களுக்கு, ஆளுக்கு ஒன்றாக, 11,000-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வந்துபோகிறவர்கள் அதன்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள்.