சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளவர்கள்

1940 டிசம்பர் 21. ஹாலிவுட்டில் ஒரு வீட்டில் நாவலாசிரியர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களுக்காக 1900 முதல் வரும் பத்திரிகை அது. கால்பந்து அணியைப் பற்றிய கட்டுரை. பென்சிலால் ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டே படித்தவர், சட்டென்று எழுந்தார், விழுந்தார். மாரடைப்பு. வயது 44.

அவர் பிரின்ஸ்டனில் பட்டம் வாங்கியவர் இல்லை. 1913இல் சேர்ந்து, பாடங்களில் தடுமாறி, 1917இல் ராணுவத்துக்குப் போய்விட்டார். கடைசிக் காலத்தில் புத்தகங்களும் விற்கவில்லை. ஆனாலும் அவரை 1917 வகுப்பைச் சேர்ந்தவர் என்றே அங்கே சொல்கிறார்கள். உள்ளே வந்தவன் எங்கள் பிள்ளை. முடித்தானா இல்லையா என்பது வேறு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பழைய மாணவர்களை விடாமல் துரத்துவது பணத்துக்காகத்தான் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். பணமும்தான். கேட்கட்டுமே! மைக்கேல் புளூம்பெர்க் 1964இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டு கொடுத்தது 5 டாலர். 2018இல் அதே இடத்துக்கு, வசதியில்லாத மாணவர்களின் படிப்புக்காக, 180 கோடி டாலர் கொடுத்தார். அந்த 5 டாலர்க்காரர் பின்னால் என்ன ஆவார் என்று அன்று யாருக்குத் தெரியும்? எல்லாரோடும் தொடர்பு வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

நம் ஊரில் தேடல் குறுகிவிடுகிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வு நெருங்குகிறது என்றதும் பல கல்லூரிகளில் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு உயிர் வருகிறது. மேடையில் கலெக்டர் ஆனவர், கலிஃபோர்னியாவில் கம்பெனி வைத்தவர். அவர்களை அழைப்பதில் தப்பில்லை. மற்றவர்கள் எங்கே?

என் ஹாஸ்டல் அறைத் தோழன் ஒருவன் இரண்டு பேப்பர் அரியரோடு வெளியே போனான். கணக்கில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன். அப்பா இறந்த வருஷம் எல்லாம் சிதறிவிட்டது. இப்போது ஒசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறேன் என்று போன் செய்தபோது கேட்டான்: “நான்தான் முடிக்கலையேடா, நான் வரலாமா?” இத்தனை வருஷம் அவன் மனசில் இந்தக் கேள்வி கிடந்திருக்கிறது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் போயிருந்தால் கிடந்திருக்காது.

முன்னாள் மாணவர் பட்டியலைப் பட்டம் வாங்கியவர்களை வைத்துத் தயாரிக்காமல், சேர்க்கைப் பதிவேட்டை வைத்துத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரி அலுவலகத்திலும் அந்தப் பதிவேடு இருக்கும். வீட்டு முகவரி பழசாகியிருக்கும். கூடப் படித்தவர்களில் யாரிடமாவது போன் நம்பர் இருக்கும்.

பழைய அரியர்களை எழுதி முடிக்கச் சில பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு தருகின்றன. அறிவிப்பு வெளியாகும், கெடு முடியும்; பட்டறையில் நிற்பவனுக்குத் தெரியவே தெரியாது. அவனுக்குப் போகும் முதல் கடிதத்தில் நன்கொடை எதுவும் கேட்க வேண்டாம். தேர்வு எந்தத் தேதி, கட்டணம் எவ்வளவு, அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதினால் போதும்.