குடியாதார் படும் நோய்

"என் பொருள், என் உடல், யான் குடித்தால் பிறருக்கென்ன?" என வினவுவோர் பலர். பஞ்சசீலத்துள் முதல் நான்கும் விலக்கும் கொலை, களவு, பிழைபட்ட காமம், பொய் என்பன பிறரை வருத்துவன என்பது வெளிப்படை. மது மட்டும் அவ்வரிசையிற் சேர்ந்தது ஏன்?

சிகாலோவாத சூத்திரத்திலே பகவன் மதுவின் கேடுகள் ஆறு எனக் காட்டியருளினார். அவற்றுட் பொருளழிவும் கலகமும் முன்னிற்கின்றன. கூலியைக் கடையில் வைத்துவிட்டு வருபவன் வீட்டில் அன்றிரவு மெலிவது அவனுடல் மட்டுமன்று. 1992-இல் ஆந்திர நாட்டு நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரிற் சாராயக் கடையை எதிர்த்தெழுந்தோர் குடியர் அல்லர். அவர்தம் மனைவியரும் தாயருமே. எழுத்தறிவு வகுப்பிற் கூடிய அம்மாதர் தொடங்கிய கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவ, 1993-இல் ஆங்குச் சாராயம் தடை செய்யப்பட்டது.

இனி, கருவிலுள்ள சிசுவை நோக்குக. தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியே சிசுவின் இரத்தத்துட் புகும். அதனை முறிக்கும் வலிமை முதிராத அவ்வீரலுக்கு இல்லை. மூளை வளர்ச்சி குன்றும். அக்குறை வாழ்நாள் முழுதும் நீங்காது. 1968-இல் பிரெஞ்சு மருத்துவர் லெமுவானும், 1973-இல் அமெரிக்க மருத்துவர் ஜோன்ஸ், ஸ்மித் என்போரும் இதனை விளக்கி எழுதினர். கருவுற்றார்க்குத் தீங்கற்ற அளவு இதுவென இன்றளவும் கண்டறியப்படவில்லை. (இது கூறித் தாயரை மட்டும் பழிப்பார் உளர். மதுவை இல்லத்துட் கொணர்ந்தவர் யாரென்பதையும் அவர்கள் வினவுவாராக.)

ஈண்டு ஓர் ஐயம் எழும். எண்ணமே வினை என்பது பௌத்தத்தின் துணிபு. குடிமயக்கத்தில் வண்டியோட்டி வழிப்போக்கனை வீழ்த்தியவன் அவனைக் கொல்ல எண்ணினானல்லன். எனின், அவன் குற்றம் யாது?

அவன் வண்டியை ஓட்டிய நேரத்தில் எண்ணத்தைத் தேடுதல் வீண். அப்போது அவன்பால் தெளிந்த எண்ணமே இல்லை. கிண்ணத்தைக் கையிலெடுத்தபோது இருந்தது. வீடு திரும்ப வண்டியோட்ட வேண்டுமென்பதை அறிந்தே அவன் எடுத்தான். இந்நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் விபத்து நேரும்வரை காத்திருப்பதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்க வண்டியோட்டுதலையே குற்றமெனக் கொள்கிறது. ஐந்தாம் சீலம் அதற்கும் ஒரு படி முன்னே, உள்ளம் இன்னும் தெளிந்திருக்கும் அக்கணத்திலேயே, கையைத் தடுக்கின்றது.